புதுசு கலையாமல்

"வேகத்தை ஏத்தாதீங்கன்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன்!" சோபா சரசரக்க உட்கார்ந்தபடி மனைவி பொரிந்தாள்.

வீடியோ எடிட்டரான கணவர் மெக்கானிக்கை வரவழைத்திருந்தார். கம்ப்யூட்டர் பிராசசரின் வேகத்தைக் கூட்டியது கணவர்தான். சாயங்காலம் விளம்பரப் படத்தைக் கொடுத்தாக வேண்டும். கம்ப்யூட்டரோ கொதித்துக் கொதித்து அணைந்தது.

மெக்கானிக் வேகத்தைக் குறைத்தார். அப்போதும் கொதித்தது. பிராசசர் மேலிருந்த புதுக் கூலரைக் கழற்றிப் புரட்டினார்.

"சூட்டை இழுக்கிற அடிப்பக்கத்துல பிளாஸ்டிக் தாள் அப்படியே இருக்கே சார்! உரிக்காமலா மாட்டினீங்க?"

"மாட்டுறதுக்கு முன்னாடியே உரிச்சு, மேஜை மேல வெச்சிட்டுத்தானே சாப்பிடப் போனேன்!"

மனைவியின் குரல் இறங்கியது. "அப்ப நான்தான் திரும்ப ஒட்டி வெச்சேன். புதுசாச்சே, கீறல் விழுந்துடாதா?"

வாங்கி நாலு வருஷமான சோபா, கடையில் போட்ட பிளாஸ்டிக் உறையோடு அவளுக்கடியில் சரசரத்தது.