மூன்றாவது பம்பு

மகள் ஜெஸ்லினின் சீர்வரிசையோடு எண்ணூருக்குக் கிளம்பிய ராசையாவின் பிக்கப் வண்டி, தண்டையார்பேட்டையிலேயே படுத்துவிட்டது. மாலைக்குள் சீர் போகாவிட்டால் சம்பந்தியம்மாள் சும்மா விடுவாளா?

மெக்கானிக் மொஹ்சின் டீசல் பம்பில் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிப் பார்த்தான்.

"ஆறு மாசத்துல மூணாவது பம்பு, நைனா! டேங்குல டீசலே இல்லாம காத்த இழுத்துகினு கீது. பம்பு சூடாகிப் புட்டுக்காம இன்னா பண்ணும்? ரெண்டு லிட்டருக்கு மேல ஊத்தவே மாட்டியா?"

ராசையா எதிர்க்கடைப் போர்டை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

அப்போது ஹாரன் அடித்தபடி வந்து நின்றான் மனைவியின் தம்பி ஜோபின். புத்தம்புதுப் பிக்கப்!

"அக்கா போன் பண்ணிச்சு மாமா. நான் எப்போ வண்டி கேட்டாலும் டேங்கைத் திறந்து காட்டி, 'டீசல் இல்லப்பா'ன்னுவியே, அதான் சொந்தமாவே எடுத்துட்டேன். ஃபுல் டேங்க்! சீரை மாத்து!"

மச்சானுக்குக் காட்டவென்றே டேங்கைக் காயப்போட்டிருந்த ராசையா, முதல் ஆளாய்ப் பீரோவைத் தூக்கினார்.