மத்தியானம் வந்தவர்

"இந்த வீடு மட்டும் வேண்டாம் சார்."

வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த மேலாளர் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெக்கானிக்கின் முகம் சுருங்கிப் போயிருந்தது.

"ஏன்? ஓவன் கதவுல பூட்டு விழலையாம். சின்ன வேலைதானே?"

"வேலை சின்னதுதான் சார். அந்தம்மா வாய்தான் பெரிசு."

"முன்னாடி போயிருக்கீங்களா?"

"போயிருக்கேன்" என்றார் மெக்கானிக், ஜன்னலைப் பார்த்தபடி.

"அப்போ கண்டிப்பா போறோம். தங்கமான ஆளுங்ககிட்ட நல்ல பேர் வாங்கறது பெரிய விஷயமா? இந்தம்மா பத்துக்குப் பத்து மார்க் போட்டுட்டா, அடுத்த மாசம் நீங்க மாடி மாடியா ஏறி இறங்க வேண்டாம். ஆபீஸ்லயே உட்கார்ந்து, கஸ்டமர்கிட்ட எப்படிப் பேசணும்னு புதுசா சேர்றவங்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்."

மெக்கானிக் முழங்காலைத் தடவிக்கொண்டார். அந்த நாற்காலிக்கு அவர் ரொம்ப நாளாகக் காத்திருந்தார்.

கதவைத் திறந்த பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வணக்கம் மேடம். ஓவன் பார்க்க வந்திருக்கோம்" என்று முந்திக்கொண்டார் மெக்கானிக். குனிந்து ஷூவைக் கழற்றி, இரண்டையும் ஜோடி சேர்த்துச் சுவரோரம் வைத்தார்.

"அட, ஷூவைக் கழட்டி ஓரமா வைக்கக்கூடத் தெரியுதே!" என்றாள் அவள்.

மேலாளருக்குச் சுருக்கென்றது. வந்தவர்களை ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை, பேச்சைப் பார்!

சமையலறையில் மேலே நாலு பர்னர், கீழே ஓவன். அதன் கதவுக்கு ஒரு ஸ்டூலை முட்டுக்கொடுத்து, ஸ்டூல் நகராமலிருக்க அதன் மேல் தண்ணீர் கேனை ஏற்றி வைத்திருந்தாள்.

"எப்போலேருந்து மேடம் இப்படி?"

"அதை நீங்க கேக்கறீங்க பாருங்க! மாசக்கணக்கா இப்படித்தான். சூடு ஏறினா கதவு தானா விழும்."

மெக்கானிக் கேனை இறக்கும்போது அவள் கையைப் பார்த்துவிட்டார். மணிக்கட்டுக்கு மேலே நீளமாக ஒரு தீக்காயம்.

"கை என்னாச்சு மேடம்?"

"கேக்கணும்னு இன்னைக்காவது தோணுச்சே."

மெக்கானிக் அவசரமாக ஓவன் பக்கம் திரும்பினார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டார்ச் அடித்து, தலையை ஓவனுக்குள் விட்டார்.

"கொக்கி நல்லாத்தான் இருக்கு மேடம். அதைப் பிடிச்சு இழுக்கற ஸ்பிரிங்தான் செத்துப்போச்சு. பயப்பட ஒண்ணுமில்ல. விளக்கமாச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. இந்த வாயிலேருந்து இவ்வளவு பேச்சு வர்றதே அதிசயம்."

மேலாளரால் பொறுக்க முடியவில்லை. "இத்தனை மாசம் ஏம்மா சும்மா இருந்தீங்க? உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே. ஸ்டூலை வச்சு முட்டுக்கொடுன்னார். கையைச் சுட்டுக்கிட்டேன்னு போய் நின்னேன். டிவியிலேருந்து திரும்பாமலே, கண்ணை என்ன பிடரியிலயா வச்சிருக்கேன்னார்."

"அடக் கொடுமையே! அப்படி என்ன வேலை அவருக்கு?"

"ஊருக்கு உழைக்கிறார்."

மேலாளரின் கோபம் இப்போது வேறு பக்கம் திரும்பியது. "நீங்களே சொல்லுங்க மெக்கானிக், இப்படியும் ஒரு ஆள் இருப்பானா?"

"இருக்காங்க சார்" என்று ஓவனுக்குள்ளிருந்து குரல் வந்தது.

பையைத் துழாவி ஒரு ஸ்பிரிங்கை எடுத்து மாட்டினார். கதவு டக்கென்று பூட்டிக்கொண்டது. மூன்று தரம் திறந்து மூடிக் காட்டினார். கண்ணாடியைத் துடைத்தார். கீழே சிந்திய தூசியைத் தன் கைக்குட்டையாலேயே ஒற்றி எடுத்தார்.

"இத்துனூண்டு ஸ்பிரிங். பையிலயே இருந்திருக்கு" என்றாள் அவள்.

"வேற ஏதாவது செய்யணுமா மேடம்?"

"நிறைய இருக்கு. சாயங்காலம் பேசிக்கலாம்."

"சாயங்காலம் நானே போன் பண்றேன்மா" என்றார் மேலாளர். "இவருக்குப் பத்துக்கு எத்தனைன்னு மட்டும் சொல்லிடுங்க."

வண்டியில் ஏறியதும் மெக்கானிக்கின் தோளைத் தட்டினார். "உங்க பொறுமைக்குச் சிலையே வைக்கலாம்யா! அந்தம்மா பேச்சும் தப்பில்ல, பாவம். அந்தப் புருஷன்காரன் மட்டும் என் கையில கிடைச்சான்னா..."

மெக்கானிக் அவசரமாக ஜன்னல் கண்ணாடியை இறக்கி வெளிக்காற்று வாங்கினார்.

சாயங்காலம் அதே வீட்டின் கதவு படாரென்று திறந்தது. ஒரு ஷூ நாற்காலிக்கு அடியில் போய் விழுந்தது. இன்னொன்று சமையலறை வாசல் வரைக்கும் பறந்தது.

"ஏண்டி, உனக்கு அறிவிருக்கா? உங்கண்ணன் பேரைப் போட்டுக் கம்ப்ளெயின்ட் கொடுத்து என் மானத்தை வாங்கறியா? மெக்கானிக் பொண்டாட்டி எவளாவது கம்பெனிக்குப் போன் பண்ணுவாளா?"

"பண்ணினதாலதானே மெக்கானிக் வந்தார்."

"வாயை மூடு. டீ எங்கே?"

சுட்ட கையாலேயே டீயை நீட்டினாள். டிவியைப் போட்டுக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

அவள் போன் அடித்தது. மெக்கானிக் துள்ளி எழுந்தார்.

"அவர்தான்! பத்துன்னு சொல்லு. எட்டு ஒன்பதுன்னு உளறி வைக்காதே. பத்து! காதுல விழுதா?"

அவள் நிதானமாகப் போனை எடுத்தாள்.

"வணக்கம்மா" என்றது மேலாளரின் குரல். "ஓவன் நல்லா வேலை செய்யுதா? அந்த மெக்கானிக்குக்கு எத்தனை மார்க் போடலாம்?"

அவள் நாற்காலிக்கு அடியில் கிடந்த ஷூவைப் பார்த்தாள்.

"யாருக்கு சார்? மத்தியானம் வந்தவருக்கா, தினமும் சாயங்காலம் வர்றவருக்கா?"