கரடி மட்டும் வேண்டாம்

“பொண்ணு பார்க்கப் போனப்பகூட நீங்க இவ்வளவு அலையலைங்க. முதல் வீட்டுலயே தலையை ஆட்டிட்டீங்க,” என்றாள் மனைவி, லிஃப்டில் ஏறிக்கொண்டே.

“உங்க வீட்டுல காத்து நல்லா வந்தது,” என்றான் அவன்.

காலையிலிருந்து ஹால் ஹாலாக ஏறி இறங்குகிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் பிறந்த நாள். முதலில் பார்த்த ஹாலில் புழுக்கம் என்றான். அடுத்ததில் தரை வழுக்குகிறது என்றான். அதற்கடுத்ததில் கதவு குறுகலாம்.

“அந்தக் கதவுல பீரோவே போகும். ஒல்லியா இருக்கிற உங்களுக்கு என்ன?”

“பழக்க தோஷம்,” என்று சிரித்தான்.

“இந்த ஹாலாவது பிடிக்கட்டும்ப்பா. அம்மாவுக்குக் கால் வலிக்குதாம்,” என்றாள் மகள், பெரிய மனுஷி மாதிரி. வீட்டில் அவளுக்கு ‘வாண்டு’ என்று பெயர். பொருத்தமான பெயர்தான்.

நாலாவது மாடியில் ஹாலின் மேனேஜர், நடுத்தர வயதுப் பெண்மணி, காத்திருந்தார். வாய் நிறையச் சிரிப்போடு அகலமான இரட்டைக் கதவைத் திறந்துவிட்டார். அம்மாவும் மகளும் கைகோத்தபடி நேராக நுழைந்தார்கள். அவன் மட்டும் உடம்பைத் திருப்பி, பக்கவாட்டில் நுழைந்தான்.

“மேடைகிட்ட கம்பளம் ஓரம் தூக்கிட்டு நிக்கும் மேடம். ஒட்டச் சொல்லுங்க. பசங்க தடுக்கி விழுவாங்க,” என்றான் மேனேஜரிடம்.

மேனேஜர் போய்ப் பார்த்தார். தூக்கிக்கொண்டுதான் இருந்தது.

“முன்னாடி இங்கே வந்திருக்கீங்களா சார்?”

“வந்திருக்கேன். சரியாப் பார்த்ததில்லை.” சொல்லிவிட்டு அண்ணாந்தவன் அப்படியே நின்றுவிட்டான். கூரை முழுக்க நீலத் துணி. அதில் வெள்ளி நட்சத்திரங்கள் தொங்கின. “அட, மேலே இதெல்லாம் இருக்கா?”

மேனேஜருக்குச் சந்தேகம் தட்டியது. கம்பளத்தின் ஓரம் தெரிந்த ஆளுக்கு இத்தனை பெரிய கூரை தெரியாதா? எதிர்த்தெரு ஹால்காரன் வேவு பார்க்க அனுப்பிய ஆளோ? ஆனால் வேவு பார்க்க வருகிறவன் பெண்டாட்டி பிள்ளையையும் கூட்டிக்கொண்டா வருவான்?

அவன் ஹாலின் நடுவில் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். ஏ.சி. காற்று நேராக முகத்தில் இறங்கியது. சொர்க்கத்தில் நிற்கிறவன் போல அவன் முகம் மலர்ந்தது.

“கேக் மேஜை இங்கேயே இருக்கட்டும். நான் என் பொண்ணு பக்கத்துல நிப்பேன்.”

“அதுதான் முக்கியம்,” என்றாள் மனைவி. “போன வருஷம் எடுத்த போட்டோவுல எல்லாரும் இருக்கோம், இவர் ஒருத்தர் முகம்தான் இல்லை.”

செல்போனில் படத்தைக் காட்டினாள். கேக், கத்தியோடு வாண்டு, அம்மா, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள். வாண்டை அணைத்தபடி பின்னால் ஒரு பெரிய பழுப்புக் கரடி. அப்பாவைக் காணோம்.

“பெத்த பொண்ணு பிறந்த நாளைக்குக்கூடவா வேலை?” மேனேஜர் உரிமையோடு கடிந்துகொண்டார்.

“ஞாயித்துக்கிழமைதான் எங்களுக்கு வேலையே மேடம்.” அவன் தலையைச் சொறிந்தான். “இந்த வருஷம் லீவு சொல்லிட்டேன். வானமே இடிஞ்சாலும் அவ பக்கத்துல நான் நிக்கிற மாதிரி ஒரு போட்டோ வேணும்.”

மேனேஜர் படத்தை மறுபடி பார்த்தார். “அட, இது நம்ம கரடி. எங்க ஹாலுக்கும் இதுதான் வரும். பின்பக்க லிஃப்ட்ல வரும், அதுலயே போயிடும். ஒரு வார்த்தை பேசாது. உங்க பேக்கேஜ்லயே சேர்த்துடறேன்.”

“கரடி மட்டும் வேண்டாம்.”

“என்ன சார் இப்படிச் சொல்றீங்க? பசங்களுக்கு அதுன்னா உயிர். போன வாரம் ஒரு வாலுப்பய முழங்கால்லயே உதைச்சான். அசையணுமே? அதுக்குக் கோபமே வராது.”

“வரும்,” என்றான் சுருக்கமாக.

மனைவிக்குத் திடீரென்று இருமல் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். “புரியுது சார். கரடி வந்தா பொண்ணு உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டாளேன்னு பொறாமை. எல்லா அப்பாக்களுக்கும் இருக்கிறதுதான். ஆனா கரடி இல்லைன்னா அன்னைக்கு அழப்போறது குழந்தைதான்.”

சுவரில் மாட்டியிருந்த பெரிய படத்தில் அதே கரடி, யாரோ ஒரு குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றது. வாண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முகம் வாடியது. மகள் ஒன்றைக் கேட்டுவிட்டால் மறுக்கத் தெரியாது அவனுக்கு.

“அவளையே கேளுங்க மேடம். அவ வேணும்னா... வரட்டும்.”

மேனேஜர் வெற்றிப் புன்னகையோடு குனிந்தார். “சொல்லு பாப்பா. உன் பிறந்த நாளுக்குக் கரடி வேணுமா, வேண்டாமா?”

வாண்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். சுவரில் இருந்த கரடியைப் பார்த்தாள். பிறகு மேனேஜரின் காதருகே போய், ரகசியம் என்று நினைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“வேண்டாம் ஆன்ட்டி. கரடிக்குள்ளே போயிட்டா அப்பா சிரிக்கிறது போட்டோவுல தெரியாது.”