ஒரு நிமிஷம் பேசாதீங்க

மேடையில் மைக்குக்காக மூன்றாவது முறை தகராறு வந்தபோது, எழுந்து போய்விடலாமா என்று மகாலட்சுமி பார்த்தாள். படிக்கட்டை ஆட்கள் அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் பேச வந்தவள் இல்லை. மிலிட்டரியில் இருந்த கோதண்டராமனுக்கு இந்தி நன்றாக வரும் என்று கேள்விப்பட்டு, அவலூர்பேட்டையிலிருந்து பஸ் ஏறிச் செஞ்சிக்கு வந்தாள். புருஷன் வேலைக்குப் போன வடக்கத்தி ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுச் சொன்னால் போதும் என்று கும்பிட வந்தாள்.

"மொதல்ல மேல வந்து குந்தும்மா. கூட்டம் முடியட்டும்" என்று நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள்.

ஒன்றரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் புருஷன் பீமாராவ் போர்வெல் லாரியில் வேலைக்கென்று வடக்கே போனவன். முந்தாநாள் காலை கறிகாய் வாங்க மார்க்கெட்டுக்குப் போனான். அங்கேதான் குண்டு வெடித்தது.

செத்தவர்கள் பட்டியலில் அவன் பெயர் இல்லை. அடிபட்டவர்கள் பட்டியலிலும் இல்லை. அவனுடைய போன் அணைந்து கிடந்தது. டிவியில் காட்டிய உதவி நம்பருக்கு நாற்பது தடவை போட்டாள். எடுத்தவர்கள் எல்லாரும் இந்தியில் பேசினார்கள்.

இரண்டு நாளாகத் தகவல் இல்லை என்றால் அவ்வளவுதான் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. செஞ்சி கூட்டு ரோட்டில் மேடை போட்டு, அவன் படத்தை மாலையோடு அச்சடித்துப் பின்னால் கட்டியிருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"எல்லை தாண்டி வூடு பூந்து அடிக்கணும்! அடிச்சாத்தான் அடுத்தவன் பயப்புடுவான்!" கோதண்டராமன் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். மிலிட்டரியில் கூட இருந்த சிநேகிதன் குண்டில் சிதறியபோது, துணியில் வாரிக்கட்டி ஊருக்கு அனுப்பியவர் அவர்.

தபால் ஆபீசில் ரிட்டயர் ஆன கலியபெருமாள் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "யாரை அடிப்ப? செஞ்சவனைப் புடி, கோர்ட்டுல நிறுத்து, யாரும் வேணாங்கல. நீ போடற குண்டுல அங்கயும் ஒருத்தி இப்படித்தான் வந்து குந்துவா!"

கூட்டம் இரண்டாகப் பிளந்தது. பயந்தாங்கொள்ளி என்றான் ஒருவன். நீ போவியா எல்லைக்கு என்றான் இன்னொருவன். யாரோ யார் சட்டையையோ பிடித்தார்கள். வழி கிடைக்காத திருவண்ணாமலை பஸ் விடாமல் ஹாரன் அடித்தது.

இரண்டு பேரும் கடைசியில் அவளைத்தான் கைகாட்டினார்கள். இந்தப் பொண்ணு முகத்தைப் பாருங்க, இந்தப் பொண்ணுக்கு என்ன பதில் சொல்லப்போறீங்க.

அவள் கையில் போன் அதிர்ந்தது.

தெரியாத நம்பர். ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறு காதில் வைத்தாள். ஏதோ ஓர் ஆண் குரல். ஸ்பீக்கர் இரைச்சலில் ஒன்றும் பிடிபடவில்லை. "அலோ, கட் பண்ணிடாதீங்க, கட் பண்ணிடாதீங்க" என்று கத்தினாள். அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை.

எழுந்தாள். இரண்டு பேருக்கும் நடுவே பாய்ந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"ஒரு நிமிஷம் யாரும் பேசாதீங்க! உங்க கால்ல வுழறேன். ஒரே ஒரு நிமிஷம்!"

கூட்டம் திகைத்தது. பிறகு யாரோ மௌன அஞ்சலி என்று முணுமுணுக்க, ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்தார்கள். பஸ்காரர்கூட ஹாரனை விட்டுவிட்டார். கோதண்டராமன் விறைப்பாக நின்று கண்ணை மூடினார். கலியபெருமாள் கைகளைக் கோத்துக்கொண்டார்.

இப்போது குரல் தெளிவாகக் கேட்டது. வேகமான இந்தி. அவளுக்குப் புரிந்தது ஒரே சொல்தான்.

பீமாராவ்.

மைக்கை நாற்காலியில் போட்டுவிட்டு, கோதண்டராமனின் கையைப் பிடித்து உலுக்கிப் போனை அவர் காதில் வைத்து அழுத்தினாள். அவர் கேட்டார். ஏதோ கேள்வி கேட்டார். மறுபடியும் கேட்டார்.

"உயிரோட இருக்காரும்மா" என்றார் ரகசியக் குரலில். "பேர் தெரியாத ஆளா கெடந்திருக்காரு. இப்பத்தான் கண்ணத் தொறந்து தன் பேரையும் உன் நம்பரையும் சொன்னாராம். திரும்ப மயங்கிட்டாராம்."

அவள் போனுக்குக் கையை நீட்டினாள்.

"இரும்மா... வலது கால் அழுவிப்போச்சாம். தொடையோட எடுக்கணுமாம். இல்லாட்டி ஆளு தங்க மாட்டாருங்கறாங்க. சம்சாரம் வாயால சரின்னு சொல்லணுமாம். இப்பவே."

நாடு என்ன செய்ய வேண்டும் என்று இவ்வளவு நேரம் அடித்துச் சொன்னவர், அவளையே பார்த்தார். "இன்னாம்மா சொல்லட்டும்?"

அவள் கலியபெருமாளைப் பார்த்தாள். அவர் கோதண்டராமனைப் பார்த்தார்.

போர்வெல் லாரிக் கம்பத்தில் கண் மூடித் திறப்பதற்குள் ஏறி இறங்குகிறவன் பீமாராவ்.

அவள் போனை வாங்கிக்கொண்டாள்.

"சரின்றதுக்கு இந்தியில இன்னா சார்?"

"ஹாங்."

"ஹாங்" என்றாள் போனில். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "ஹாங்." மறுபடியும் கேட்டார்கள். "ஹாங், ஹாங்."

ஒரு நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. கீழே ஒருவரும் இன்னும் தலையை நிமிர்த்தவில்லை.