இரண்டாயிரத்து முந்நூறு டிகிரி

சித்திரை மாதம், மதியம் மூன்று மணி. அர்த்தநாரியின் கோழிப்பண்ணை வெப்பமானி 2,300 டிகிரி காட்டியது. நாலாயிரம் கோழியும் போச்சு என்று பதறி ஓடினார். ஒன்றும் சாகவில்லை. வெயிலுக்கு மூச்சிரைக்காமல், சத்தமில்லாமல் நின்றன.

கல்லூரியில் வானியல் படிக்கும் மகள் தனப்பிரியாவுக்குப் போன் போட்டார்.

“அவ்வளவு சூடு தூரத்துக் கோள்லதானுங்கப்பா இருக்கும். பாறையே உருகுமுங்க. ஒரு பக்கம் எப்பவும் அதோட சூரியனையே பார்த்துட்டு நிக்கும். மீட்டர் கெட்டிருக்கும், உடுங்க.”

அப்போதுதான் கவனித்தார். அத்தனை கோழிகளும் மேற்கே சூரியனைப் பார்த்து நின்றன.

“சாமி, போனை வெச்சராத,” என்றார் மகளிடம்.

கால் மணி நேரத்தில் வெப்பமானி நாற்பத்தொன்றுக்கு இறங்கியது. கோழிகள் அலகைத் திறந்து இரைத்தபடி தண்ணீருக்குத் திரும்பின. அர்த்தநாரிக்குப் போன உயிர் வந்தது.

ஒன்று மட்டும் திரும்பவில்லை. அதை மெல்லத் தூக்கித் திருப்பி விட்டார். அதுவும் தண்ணீர் குடித்தது.