மூன்றாவது சிவப்பு

பலகையில் அவள் எண்ணுக்கு நேரே இரண்டு சிவப்புக் குறிகள்.

என்ன குறிகள் என்று தெரியவில்லை. கண்ணாடியைக் கணவரின் சட்டைப் பையில் போட்டுவிட்டு வந்திருந்தாள். இந்தத் தூரத்துக்குப் பலகையே ஒரு தீப்பெட்டி. குறிகள் இரண்டும் இரண்டு எறும்புகள்.

இன்னொரு எறும்பு ஏறினால் வெளியே.

நிற்க முடியாது. ஓடவும் கூடாது. இது நடைப் போட்டி. அறுபத்தைந்தைத் தாண்டிய பெண்களுக்கானது. ஈரோட்டு வெயிலுக்கு மட்டும் வயது வித்தியாசம் இல்லை. எல்லோரையும் ஒரே பானையில் போட்டு அவித்துக்கொண்டிருந்தது.

இந்தப் போட்டியில் குற்றங்கள் இரண்டே இரண்டு.

ஊன்றுகிற காலின் முட்டி மடங்கக் கூடாது. மடங்கினால் பலகையில் மடங்கிய கோடு.

இரண்டு பாதமும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பக் கூடாது. எழும்பினால் நெளிந்த கோடு.

இரண்டாவதைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. அது கன்றுக்குட்டிகள் செய்கிற குற்றம்.

முதல் குற்றம் அவளுடைய வலது முட்டிக்குள் குடியிருந்தது. போன ஆவணியில் அறுத்து, தேய்ந்ததை எடுத்து, உலோகம் வைத்துத் தைத்த முட்டி. விமான நிலையத்துக்குள் நுழைந்தால் ஊரையே கூட்டிவிடும். அதன் பிறகு அந்தக் கால் நேராக நீள மறுத்தது. மணல் மூட்டையை மேலே ஏற்றி, பல்லைக் கடித்து, மருத்துவர் பரம்பரையையே திட்டி, நாலு தெருவுக்குக் கேட்க அலறி, அதை நீட்டினாள்.

கடைசிக் கொஞ்சம் நீண்டதா இல்லையா?

அது தெரியத்தான் வந்தாள். பதக்கம் யாருக்கு வேண்டும்?

சரி. பதக்கமும் வேண்டும்தான்.

கடைசி வளைவில் துளசிமணி நின்றார். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்குத் தலைமை நடுவர். என்றைக்கும் அவள் மகளின் மாமியார்.

அறுவை முடிந்த மறுநாளே சாத்துக்குடிப் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர். கட்டிலைச் சுற்றி மொத்தச் சொந்தமும் நிற்கையில் சொன்னார்:

"இனி வாசப்படி வரைக்கும் நடந்தாப் போதுமுங் சம்பந்தி. அதுக்கு மேல எதுக்குங் ஆசை?"

சாத்துக்குடி இனிப்பாகத்தான் இருந்தது.

மணி அடித்தார்கள். கடைசிச் சுற்று.

முன்னால் யாரும் இல்லை. பின்னால் கோபிச்செட்டிபாளையத்துக்காரி. அவள் மூச்சு, மாவு மில் ஒன்று காலணி போட்டுக்கொண்டு துரத்துவது போல வந்தது.

பலகைக்குப் பக்கத்தில் கணவர். குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏதோ கத்தினார். சத்தம் வந்து சேரவில்லை. கை மட்டும் தெரிந்தது. மேலும் கீழுமாக, மேலும் கீழுமாக அலைந்தது.

மெதுவாகப் போ என்கிறார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அதைத்தான் சொல்கிறார். ஆனால் இப்போது பலகையைப் படித்துவிட்டுச் சொல்கிறார். அப்படியென்றால் முட்டிதான். இரண்டு எறும்பும் முட்டிதான்.

அடக்கி நடந்தாள்.

மாவு மில் தோளுக்கு வந்துவிட்டது.

"வழிய உடுங்க பாட்டி!"

பாட்டியா?

கோபிக்காரிக்குத் தலையில் ஒரு கறுப்பு முடி இல்லை.

அதற்கப்புறம் அவள் எதையும் அடக்கவில்லை. குதிகால் ஊன்றியது. இடுப்பு ஆட்டுக்கல் குழவியாகச் சுழன்றது. முழங்கைகள் வெயிலை வகிர்ந்தன. அவள் கிளப்பிய காற்றில் பந்தல் துணி உப்பியது. மேசைமேல் அடுக்கியிருந்த பதக்கங்கள் தாமாகவே ஆடின.

வலி வரவேண்டிய இடத்தில் வலி வரவில்லை.

அதுதான் பயமாக இருந்தது.

வளைவு.

துளசிமணி இடுப்பை மடக்கிக் குனிந்திருந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். காலை மட்டும்.

நேராக இரு, என்றாள் முட்டியிடம். இந்த ஒரு தடவை. இவங்க முன்னால.

முடிவுக் கோட்டின் நாடா படபடத்தது.

சிவப்பு அட்டை எழுந்தது.

நின்றாள்.

கோபிக்காரி கடந்தாள். நாடா அறுந்தது. கைதட்டினார்கள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள்.

அவள் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெறும் சிவப்பு. அதில் எந்தக் கோடும் இல்லை.

"முட்டிங்களா?"

குரல் அவளுக்கே கேட்கவில்லை.

துளசிமணி விசிலை வாயிலிருந்து எடுத்தார். வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிப்போனவர் மாதிரி முகம்.

"முட்டியெல்லாம் கடப்பாரையாட்டம் நிக்குதுங். ரெண்டு காலும் தரையில இல்லீங் சம்பந்தி. மூணு தடவையும் அதேதானுங்."

அவள் பலகைப் பக்கம் திரும்பினாள்.

கணவரின் கை இன்னமும் காற்றில் நெளிந்துகொண்டிருந்தது.

கேலரியில் சொந்தக்காரர்கள் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். மகள், மருமகன், அன்றைக்குக் கட்டிலைச் சுற்றி நின்ற அத்தனை பேரும். எல்லோர் முகமும் தொங்கிப்போயிருந்தது.

அவள் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினாள். வாங்கி முடித்தாள்.

"அவங்களுக்குக் கேக்கலீங்," என்றாள். "இன்னொருக்காச் சத்தமாச் சொல்லுங் சம்பந்தி."