கடைசிப் பூச்சு

மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து டிரைவர் அய்யப்பன் செத்துப்போனான். வண்டியில் இன்ஜின் மட்டும்தான் தேறியது. அவன் மனைவி மணிமொழி அதைக் கச்சிராயபாளையம் சாலையில் இருக்கும் கவுஸ் பாயின் பட்டறைக்குக் கொண்டுவந்தாள்.

"பளபளன்னு ஆக்கிக் குடுங்க பாய். வூட்லயே வெச்சிக்கிறேன்."

கவுஸ் உள்பாகங்களைக் கழற்றிவிட்டு, இன்ஜினின் வெளிக்கூடான வெறும் பிளாக்கைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, தினம் ஒரு பூச்சு வெள்ளிப் பெயின்ட் அடித்தார். அந்தப் பெயின்ட் சூட்டில்தான் இறுகும். ஆனால் அவர் ஒருநாளும் சூடு காட்டவில்லை. காலை ஏழு மணிக்கு, அய்யப்பன் வெள்ளிமலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு புறப்படும் நேரத்துக்கு, பிளாக் தானாகவே சுட்டது. அவன் திரும்பி வரும் பத்து மணிக்கு ஆறியது. கவுஸ் இதை யாரிடமும் சொல்லவில்லை.

கடைசிப் பூச்சு அடித்த மறுநாள் பிளாக் சுடவில்லை. மதியம் மணிமொழி வந்தாள்.

"இன்னும் காயலம்மா. இன்னா ஆச்சின்னே தெர்ல."

"நேத்து கருமாதி முடிஞ்சிடுச்சி பாய்" என்றவள், அவர் தடுப்பதற்குள் பிளாக்கின் மேல் கையை வைத்துவிட்டாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

எடுத்தபோது உள்ளங்கையில் துளி பெயின்ட் இல்லை. பிளாக் முழுக்க ஈரமாகவே இருந்தது. அவள் கை இருந்த இடம் மட்டும் காய்ந்து, சுட்டுக்கொண்டிருந்தது.